நல்ல கடிதம் குப்பைக் கூடைக்குப் போனது ஏன்?

2001-ம் ஆண்டு, டிசம்பர் மாதம்.

அமெரிக்காவில் பல வீடுகளில் ஒரே பரபரப்பு. பள்ளிப் படிப்பை முடிக்கப் போகும் மாணவர்களும் மாணவிகளும் ஒரு கடிதத்துக்காகக் காத்திருந்தார்கள்.

அது சாதாரணக் கடிதம் அல்ல. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்து வரவேண்டிய கடிதம்!

ஹார்வர்டு, அமெரிக்காவிலேயே பழமையான பல்கலைக்கழகம். 1636-ல் தோன்றியது. அங்கே இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. "இடம் உண்டு" அல்லது "இடம் இல்லை" என்று இரண்டில் ஒன்றை அந்தக் கடிதம் சொல்லும்.

அந்தச் சேதியை ஹார்வர்டு மின்னஞ்சலில் அனுப்பியது. மின்னஞ்சல் என்பது கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் வரும் கடிதம். தபால்காரர் தேவை இல்லை. அனுப்பிய சில நொடிகளில் போய்ச் சேர்ந்துவிடும்.

ஆனால், சிலருக்குப் போய்ச் சேரவில்லை. ஒருவர் இருவர் அல்ல. 75 முதல் 100 பேர் வரை!

அவர்கள் எல்லோரும் ஏ.ஓ.எல். என்ற கம்பெனியின் மூலம் மின்னஞ்சல் பெற்று வந்தவர்கள். அந்தக் கம்பெனியின் வாசலில் ஒரு காவல்காரன் உண்டு. அவன் மனிதன் அல்ல. கம்ப்யூட்டர் காவல்காரன். விளம்பரக் குப்பைகளையும், ஏமாற்றுக் கடிதங்களையும் தடுப்பதே அவனுடைய வேலை.

ஹார்வர்டின் கடிதங்களை அவன் பார்த்தான். "இதுவும் குப்பைதான்" என்று முடிவு கட்டினான். உள்ளே விடாமல் தடுத்துவிட்டான்!

உலகப் புகழ் பெற்ற பல்கலைக்கழகத்தின் கடிதத்துக்கே இந்தக் கதி என்றால், சாதாரண மனிதர்களின் கடிதம் எம்மாத்திரம்?

தகர டப்பா கொடுத்த பெயர்

குப்பைக் கடிதத்துக்கு "ஸ்பேம்" என்று பெயர். இந்தப் பெயர் வந்த கதை வேடிக்கையானது.

ஸ்பேம் என்பது உண்மையில் ஒரு தின்பண்டம்! தகர டப்பாவில் அடைத்து விற்கும் பன்றி இறைச்சி. அமெரிக்காவில் ஹார்மல் என்ற கம்பெனி 1937-ல் இதை விற்கத் தொடங்கியது.

1970-ல் இங்கிலாந்து டெலிவிஷனில் ஒரு நகைச்சுவை நாடகம் வந்தது. நடித்தவர்கள், "மாண்டி பைதான்" குழுவினர். ஓர் ஓட்டலுக்குக் கணவனும் மனைவியும் சாப்பிடப் போவார்கள். அங்கே பெரும்பாலான பலகாரங்களில் ஸ்பேம் இருக்கும். பக்கத்தில் ஒரு கூட்டம், "ஸ்பேம், ஸ்பேம்" என்று ஓயாமல் பாடிக்கொண்டே இருக்கும். மற்றவர்கள் பேசுவது காதில் விழாது.

வேண்டாத கடிதங்களும் அப்படித்தானே? கேட்காமலே வரும். திரும்பத் திரும்ப வரும். நல்ல கடிதத்தை மறைத்துவிடும். அதனால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

முதல் குப்பைக் கடிதம்

மின்னஞ்சல் 1971-ல் பிறந்தது. ஒரு கம்ப்யூட்டரில் இருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்குக் கடிதம் அனுப்பும் வழியைக் கண்டவர், ரே டாம்லின்சன் என்ற அமெரிக்க என்ஜினீயர். மின்னஞ்சல் முகவரியின் நடுவே சுழித்து எழுதும் "அட்" குறியைச் சேர்த்தவரும் அவரே.

ஏழே ஆண்டுகளில் குப்பையும் வந்துவிட்டது!

1978-ம் ஆண்டு மே மாதம். கேரி துர்க் என்பவர் கம்ப்யூட்டர் விற்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தார். புதிய கம்ப்யூட்டர்களைப் பற்றி ஒரு விளம்பரம் தயாரித்தார். சுமார் 400 பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பினார். யாரும் அவரைக் கேட்கவில்லை. பெற்றவர்கள் பலர் கோபம் கொண்டார்கள். புகார்கள் பறந்தன. "இனி இப்படிச் செய்யாதே" என்று எச்சரிக்கையும் வந்தது.

அன்று 400. பிறகு லட்சம், பிறகு கோடி. தபாலில் விளம்பரம் அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் தபால்தலை ஒட்டவேண்டும். மின்னஞ்சலுக்கு அந்தச் செலவு இல்லை. ஆயிரம் பேருக்கு அனுப்பினாலும், பத்து லட்சம் பேருக்கு அனுப்பினாலும் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. லட்சத்தில் ஒருவர் ஏமாந்தால்கூட அனுப்பியவனுக்கு லாபம்தான்!

"இன்னும் இரண்டே ஆண்டுகளில் ஸ்பேம் தொல்லை தீர்ந்துவிடும்" என்று 2004-ல் சொன்னார், கோடீசுவரர் பில் கேட்ஸ். தீரவில்லை. இன்றும் உலகத்தில் அனுப்பப்படும் மின்னஞ்சல்களில் ஏறத்தாழ பாதி குப்பைதான். தனது ஜிமெயில் மட்டும் நாள் ஒன்றுக்குச் சுமார் 1,500 கோடி வேண்டாத கடிதங்களைத் தடுப்பதாகக் கூகுள் கம்பெனி கூறியிருக்கிறது.

ஆகவே, வாசலில் காவல்காரன் அவசியம் தேவை. அவன் இல்லாவிட்டால், குப்பை மேட்டில் தேடித்தான் நல்ல கடிதத்தை எடுக்கவேண்டி இருக்கும்.

காவல்காரன் கேட்கும் கேள்விகள்

ஒரு கடிதம் வந்ததும் காவல்காரன் என்ன செய்கிறான்? நான்கு கேள்விகள் கேட்கிறான்.

முதல் கேள்வி: "எங்கிருந்து வருகிறாய்?"

குப்பை அனுப்பும் கம்ப்யூட்டர்களின் எண்களைத் திரட்டிக் கறுப்புப் பட்டியல் தயாரிக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. 1998-ல் லண்டனில் தோன்றிய "ஸ்பேம்ஹாஸ்" அவற்றில் பெயர் பெற்றது. அந்தப் பட்டியலில் எண் இருந்தால் கதவு திறக்காது. இதில் ஒரு சங்கடம் உண்டு. ஒரே கம்ப்யூட்டர் வழியாக நூற்றுக்கணக்கான கம்பெனிகள் கடிதம் அனுப்புவது வழக்கம். அவர்களில் ஒருவன் அயோக்கியனாக இருந்தால், அந்த எண் கறுப்புப் பட்டியலில் ஏறிவிடும். மற்ற அத்தனை பேருடைய கடிதங்களும் நின்றுவிடும். ஒரு குடித்தனக்காரன் செய்த குற்றத்துக்கு வீடு முழுவதையும் பூட்டுவது போன்றது இது!

இரண்டாவது கேள்வி: "நீ சொல்லும் ஆள்தானா நீ?"

பாங்கியின் பெயரில் திருடன் கடிதம் எழுதலாம். அதனால் கடிதத்தில் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறான். இது கண்ணுக்குத் தெரியாத முத்திரை. கம்ப்யூட்டர் மட்டுமே பார்க்கும். மொத்தமாக ஏராளமான கடிதங்களை அனுப்புகிறவர்கள் இந்த முத்திரைகளை வைத்தே தீரவேண்டும் என்று கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரி முதல் விதித்துவிட்டன. முத்திரை வைக்க மறந்த சின்னக் கம்பெனியின் உண்மையான கடிதமும் திருட்டுக் கடிதம் போலவே தோன்றும்.

மூன்றாவது கேள்வி: "என்ன எழுதியிருக்கிறாய்?"

கடிதத்தில் உள்ள சொற்களைக் காவல்காரன் எடை போடுகிறான்.

நான்காவது கேள்வி: "உன்னைப் பற்றி ஊர் என்ன சொல்கிறது?"

முன்பு அதே ஆளிடமிருந்து கடிதம் பெற்றவர்கள் "இது ஸ்பேம்" என்று பொத்தானை அழுத்தினார்களா? பலர் அழுத்தியிருந்தால், அவருடைய அடுத்த கடிதம் குப்பைக்குப் போகும்.

பாதிரியார் போட்ட கணக்கு

சொற்களை எடை போடும் வித்தைக்கு அடிப்படை, ஒரு பாதிரியார் போட்ட கணக்கு!

அவர் பெயர் தாமஸ் பேயஸ். இங்கிலாந்தைச் சேர்ந்தவர். 1761-ல் காலமானார். அவர் எழுதி வைத்திருந்த கணக்கை, அவருடைய நண்பர் ரிச்சர்டு பிரைஸ் எடுத்துக் கொடுக்க, 1763-ல் அது அச்சாயிற்று. கிடைக்கும் தடயங்களைக் கொண்டு, ஒரு விஷயம் உண்மையாக இருக்க எவ்வளவு வாய்ப்பு உண்டு என்று கணிக்கும் கணக்கு அது.

ஏறத்தாழ 240 ஆண்டுகளுக்குப் பிறகு, பால் கிரகாம் என்ற அமெரிக்கக் கம்ப்யூட்டர் நிபுணர் அந்தக் கணக்கைக் கையில் எடுத்தார். தமக்கு வந்த குப்பைக் கடிதங்கள் சுமார் 4,000. நல்ல கடிதங்கள் சுமார் 4,000. இரண்டையும் கம்ப்யூட்டரிடம் கொடுத்தார். எந்தச் சொல் எந்தக் குவியலில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணச் சொன்னார். புதிதாக ஒரு கடிதம் வந்தால், அதில் முக்கியமான 15 சொற்களைப் பார்த்து, "குப்பையா, இல்லையா?" என்று கம்ப்யூட்டர் தீர்ப்புச் சொன்னது. 2002 ஆகஸ்டு மாதம் இதைப் பற்றி அவர் எழுதினார். உலகம் முழுவதும் பலர் அந்த முறையைப் பின்பற்றினார்கள்.

இதில் ஓர் ஆச்சரியம். எழுத்தைப் பளிச்சென்று சிவப்பு நிறத்தில் காட்டுவதற்கு ஒரு கம்ப்யூட்டர் குறி உண்டு. ஆபாசச் சொற்களைப் போலவே அந்தக் குறியும் குப்பைக்கு நல்ல அடையாளம் என்று கம்ப்யூட்டர் தானாகவே கண்டுபிடித்தது. விளம்பரக்காரர்களுக்குச் சிவப்பு நிறத்தின் மேல் அவ்வளவு ஆசை!

கிரகாம் இன்னொரு காரியமும் செய்தார். நல்ல கடிதங்களில் வந்த சொற்களுக்கு இரண்டு மடங்கு மதிப்புக் கொடுத்தார். ஏன்?

குப்பை ஒன்று உள்ளே வந்துவிட்டால் நஷ்டம் ஒன்றும் இல்லை. அழித்துவிடலாம். நல்ல கடிதம் ஒன்று குப்பைக்குப் போனால்? அந்த நஷ்டத்தை அளக்க முடியாது. ஆயிரம் குற்றவாளிகள் தப்பலாம். ஒரு நிரபராதி தண்டிக்கப்படக் கூடாது என்று சொல்வார்கள் அல்லவா? கடிதத்துக்கும் அதுதான் நியாயம்.

பார்லிமெண்டுக்கு வந்த சோதனை

ஆனால், எல்லாக் காவல்காரர்களும் அவ்வளவு நியாயம் பார்ப்பதில்லை.

இங்கிலாந்தில் ஸ்கன்தார்ப் என்று ஓர் ஊர். இரும்பு உருக்கும் தொழிலுக்குப் பெயர் போனது. 1996-ல் அந்த ஊர்க்காரர்கள் ஏ.ஓ.எல். கம்பெனியில் பெயரைப் பதிவு செய்யப் போனார்கள். முடியவில்லை. காரணம் என்ன? ஊரின் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால், நடுவே உள்ள நாலு எழுத்து சேர்ந்து ஒரு கெட்ட வார்த்தை ஆகிவிடுகிறது! கம்ப்யூட்டருக்கு ஊர் தெரியாது, எழுத்துதான் தெரியும். கடைசியில், அந்தக் கம்பெனி ஊரின் பெயரில் ஓர் எழுத்தையே மாற்றி எழுதியது!

அடுத்து, பார்லிமெண்டு.

2003 பிப்ரவரி. இங்கிலாந்து பார்லிமெண்டில் எம்.பி.க்களின் மின்னஞ்சலுக்குப் புதிய காவல்காரனைப் போட்டார்கள். அந்தச் சமயத்தில் பாலியல் குற்றங்களைத் தடுக்கும் மசோதா பற்றி விவாதம் நடந்துகொண்டிருந்தது. அந்த மசோதாவைப் பற்றி எழுதிய கடிதங்களைக் காவல்காரன் நிறுத்திவிட்டான். மசோதாவின் பெயரிலேயே அவனுக்குப் பிடிக்காத சொல் இருந்தது!

அதோடு நிற்கவில்லை. இங்கிலாந்தை ஒட்டிய வேல்ஸ் நாட்டு மக்களுக்கு வெல்ஷ் என்று சொந்த மொழி உண்டு. அந்த மொழியில் எழுதிய கடிதங்களையும் அவன் தடுத்தான். அந்த மொழி அவனுக்குத் தெரியாது. தெரியாத மொழியில் பேசுகிறவன் சந்தேகப் பேர்வழி என்று எண்ணிவிட்டான்.

தாய்மொழியில் எழுதியது ஒரு குற்றமா?

சத்தம் இல்லாத தண்டனை

கடிதம் தடுக்கப்படுவதில் இரண்டு வகை உண்டு.

ஒன்று, அனுப்பியவருக்கே கடிதம் திரும்பி வருவது. இதில் ஓர் ஆறுதல் இருக்கிறது. "போய்ச் சேரவில்லை" என்று அனுப்பியவருக்குத் தெரிந்துவிடும். வேறு வழி பார்ப்பார்.

இரண்டாவது வகைதான் பொல்லாதது. கடிதம் திரும்பி வராது. பெறுகிறவரின் ஸ்பேம் பெட்டிக்குள் சத்தம் இல்லாமல் போய் விழும். அனுப்பியவர், "அனுப்பிவிட்டேன்" என்று இருப்பார். பெறவேண்டியவர், "அனுப்பவே இல்லை" என்று இருப்பார். இரண்டு பேரும் சொல்வது உண்மை. ஆனால் நடுவில் காரியம் கெட்டுவிடும்.

வேலைக்கு மனுப் போட்டவன், "என்னை யாரும் கூப்பிடவில்லை" என்று மனம் உடைவான். கூப்பிட்ட கம்பெனி, "பையனுக்கு அக்கறை இல்லை" என்று அடுத்த ஆளைத் தேடும். வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பிய கடிதம் பெட்டிக்குள் கிடக்கும். "மறந்துவிட்டானே" என்று தாய் கண் கலங்குவாள்.

அமெரிக்காவில் இது கோர்ட்டு வரை போனது. 2004 டிசம்பரில், குப்பையைத் தடுக்கிறேன் என்று வெரைசான் என்ற கம்பெனி, ஐரோப்பாவில் இருந்து வந்த கடிதங்களை ஏராளமாகத் தடுத்தது. நல்ல கடிதங்களும் சேர்ந்து நின்றன. வாடிக்கைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2006-ல் கம்பெனி சமரசத்துக்கு வந்து, நஷ்டஈடு கொடுக்க ஒப்புக்கொண்டது.

பணம் கிடைக்கலாம். தவறிப்போன சந்தர்ப்பம் திரும்பக் கிடைக்குமா?

நீங்கள் செய்யவேண்டியது என்ன?

செல்போனில் ஜிமெயிலைத் திறந்தால், மேலே இடது மூலையில் மூன்று கோடுகள் இருக்கும். அதைத் தொட்டால் ஒரு பட்டியல் வரும். அதில் "ஸ்பேம்" என்று இருப்பதுதான் அந்தப் பெட்டி.

வாரத்துக்கு ஒரு முறை அதைத் திறந்து பார்க்கவேண்டும். கல்லூரி இடத்துக்கோ, வேலைக்கோ, பாஸ்போர்ட்டுக்கோ மனுப் போட்டிருந்தால் தினமும் பார்க்கவேண்டும். அங்கே விழுந்த கடிதத்தை ஜிமெயில் 30 நாட்கள்தான் வைத்திருக்கும். பிறகு தானே அழித்துவிடும்.

"பெயரைப் போட்டுத் தேடினேன், கிடைக்கவில்லை" என்று விட்டுவிடாதீர்கள். சாதாரணமாகத் தேடினால் ஜிமெயில் ஸ்பேம் பெட்டிக்குள் தேடாது. பெட்டியைத் திறந்து கண்ணால் பார்ப்பதே நல்லது.

நல்ல கடிதம் கிடந்தால், "நாட் ஸ்பேம்" என்ற பொத்தானை அழுத்துங்கள். கடிதம் முன்வாசலுக்கு வந்துவிடும். "இவர் நல்லவர்" என்று காவல்காரனும் கற்றுக்கொள்வான். அனுப்பியவரின் முகவரியை உங்கள் தொடர்புப் பட்டியலில் சேர்த்துவிட்டால், அடுத்த கடிதம் தடைப்படும் அபாயம் குறையும்.

ஆனால், ஜாக்கிரதை! அந்தப் பெட்டியில் கிடப்பதில் பெரும்பாலானவை திருட்டுக் கடிதங்களே. "பரிசு விழுந்தது", "வேலை தயார், பணம் கட்டு" என்று ஆசை காட்டும். அதில் உள்ள இணைப்பைத் தொடக் கூடாது. ரகசிய எண்ணைக் கொடுக்கக் கூடாது. அனுப்பியவரின் பெயரை மட்டும் பார்த்து நம்பக் கூடாது. முகவரி முழுவதையும் எழுத்துக் கூட்டிப் படிக்கவேண்டும். சந்தேகம் இருந்தால், உங்களிடம் முன்பே உள்ள மனு ரசீதில் அல்லது பாங்கிப் புத்தகத்தில் இருக்கும் டெலிபோன் எண்ணில் பேசிக் கேளுங்கள். கடிதத்தில் கொடுத்திருக்கும் எண்ணில் கேட்டால், திருடனிடமே விலாசம் கேட்டது போல் ஆகிவிடும்!

இன்னொன்று. கடைக்காரரிடம் நீங்களே விரும்பிப் பெயர் கொடுத்துவிட்டு, பிறகு அலுத்துப்போய் "ஸ்பேம்" பொத்தானை அழுத்தாதீர்கள். "இனி அனுப்பவேண்டாம்" என்பதற்குத் தனி வழி உண்டு. நாணயமான கடைக்காரரின் கடிதத்தில் அது இருக்கும். தவறாகப் புகார் செய்தால், அவருடைய கடிதத்துக்காகக் காத்திருக்கும் வேறு ஒருவருக்கும் அது கிடைக்காமல் போகலாம்.

அனுப்புகிறவர்களுக்கு

அனுப்புகிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு.

கடிதத்தின் தலைப்பைக் காலியாக விடக் கூடாது. என்ன விஷயம் என்று தெளிவாக எழுதவேண்டும். "அவசரம்! அவசரம்!" என்று ஆச்சரியக்குறிகளை அள்ளித் தெளிக்கக் கூடாது. ஒரு வரி விளக்கமும் இல்லாமல் வெறும் இணைப்பை மட்டும் அனுப்பினால், காவல்காரன் சந்தேகப்படுவான்.

பள்ளிக்கூடம், கடை, சங்கம் நடத்துகிறவர்கள் தங்கள் கம்ப்யூட்டர் நிபுணரிடம் ஒரு கேள்வி கேட்கவேண்டும். "எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டி-மார்க் மூன்றும் சரியாக இருக்கின்றனவா?" என்பதே அந்தக் கேள்வி. அவைதான் முன்பு சொன்ன கண்ணுக்குத் தெரியாத முத்திரைகள்.

எல்லாவற்றையும்விட எளிய வழி ஒன்று இருக்கிறது. முக்கியமான கடிதம் அனுப்பினால், டெலிபோனில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். "கடிதம் போட்டிருக்கிறேன். வந்ததா? இல்லையென்றால் ஸ்பேம் பெட்டியில் பாருங்கள்." அரை நிமிடப் பேச்சு. ஆனால் ஒருவருடைய வாழ்க்கையையே அது காப்பாற்றலாம்.

நம் வீடுகளில் பெண்கள் முறத்தில் புடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். பதர் முன்னே பறந்து விழும். ஆனால் அதைக் கூட்டிக் கொட்டுவதற்கு முன்னால், ஒரு தடவை விரலால் கிளறிப் பார்ப்பார்கள். நல்ல மணி நாலு கிடந்தால் பொறுக்கி எடுத்துக்கொள்வார்கள்.

அதற்காக யாரும் முறத்தைக் குறை சொல்வதில்லை. பதரை மட்டும் தள்ளும் முறம் எங்கே இருக்கிறது? கடைசியில் பார்க்கவேண்டியது, மனிதனின் கண்தான்.